உலைக்குக் காய்ச்சல் பார்த்தேன்

ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது எதுவரை அக்கறை? எந்த இடத்தில் அது வியாதி ஆகிறது? மகள் பிறந்த நாளிலிருந்து இதை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை பதில் தெரியவில்லை.

அன்று ஹைதராபாத் சனத்நகர்ப் பட்டறையில் உலைக்கு முன்னால் நின்றபோதும் இதே கேள்விதான் மனதில் ஓடியது. உலை என்றால் ஆள் உயர இரும்புப் பீரோ ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கதவின் விளிம்பைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. உள்ளே கூடை கூடையாகச் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் உரம் ஏறுவதற்காகப் பழுத்துக்கொண்டிருந்தன. தகரக் கூரைக்குக் கீழே சூடான எண்ணெய் வாசனை அசையாமல் நின்றது.

உலையின் முகப்பில் பதித்திருந்த மீட்டர் 850 டிகிரி என்றது. பக்கத்து மேசையில் இருந்த பழைய கணினியின் திரையில் மூன்று எண்கள் தெரிந்தன: 811, 809, 812. உலையின் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் செருகிய உணரிகள் சொன்ன எண்கள் அவை. அவற்றைக் கணினிக்குக் கொண்டு சேர்த்தது நான் செய்த பெட்டி.

பட்டறை முதலாளி கோபாலன் திரையையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, ஃபர்னஸ் ஒண்ணு சொல்லுது, உங்க பொட்டி வேற சொல்லுது?"

"பாக்கறேன் சார்."

"மூணு பேர் ஒரே மாதிரி சொல்றாங்க. ஒருத்தன் மட்டும் வேற சொல்றான். யாரை நம்பறது? ஒருத்தன்தான் பொய். மீட்டர் போயிருச்சு. டேய் யாதகிரி, நாப்பது டிகிரி ஏத்து."

உலையை இயக்கும் யாதகிரியின் கை ஏற்கெனவே திருகில் இருந்தது.

மீட்டர் சொல்வது உண்மையாக இருந்து, நாங்கள் நாற்பது டிகிரி ஏற்றினால், உள்ளே இருக்கும் அத்தனை சக்கரங்களும் பாழ். மீட்டர் பொய்யாக இருந்து, நாங்கள் ஏற்றாமல் விட்டால், சக்கரங்கள் உரம் ஏறாமல் வெளியே வரும். எது நடந்தாலும் நான் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடலாம். மறுபடி வரத் தேவையிருக்காது.

"ஒரு நிமிஷம் சார்" என்றேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் என்ன நடந்தது என்பதற்கு முன், நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முறுக்குக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவில்

போன வாரம் போவன்பள்ளியில் வீடு பிடித்ததை எழுதியிருந்தேன். விடிவதற்கு முன்பே காய்கறி லாரிகள் வந்து நிற்கும் தெருவுக்கு அடுத்த தெரு. சன்னலைத் திறந்தால் கொத்தமல்லி வாசனை. மதியமானால் அழுகிய தக்காளி. இரண்டுக்கும் பழகியிருந்தேன். வீட்டிலேயே இருப்பதற்கு மட்டும் பழகவில்லை.

நான் படித்தது இன்ஸ்ட்ருமெண்டேஷன். கோயம்புத்தூரில் படிப்பு, சென்னையில் தொழிற்சாலை மீட்டர்கள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை, பிறகு கல்யாணம், ஹைதராபாத், மகள் மித்ரா. மித்ராவுக்கு மூன்றரை வயது ஆனதும் விண்ணப்பிக்கத் தொடங்கினேன். நேர்காணல் செய்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நின்றார்கள். "நடுவுல இந்த கேப்ல என்ன பண்ணீங்க?" பிள்ளை வளர்த்தேன் என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்வியை மறந்துபோவார்கள்.

எங்கள் பகுதித் தமிழர்களின் வாட்ஸாப் குழு ஒன்று உண்டு. முறுக்கு ஆர்டர், வாடகைக்கு வீடு, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்ப வேண்டிய பொட்டலம், இவைதான் அதில் வரும். ஒருநாள் நடுவில் இப்படி ஒரு செய்தி: "பழைய லேப்டாப்பில் டெம்பரேச்சர் சென்சார் கனெக்ட் செய்யத் தெரிந்தவர் யாராவது உண்டா? ரொம்பப் பழசு. சிரிக்கக் கூடாது."

எனக்குத் தெரியும் என்று எழுதினேன். அழித்தேன். ஓரளவு தெரியும் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். பின்னால் வந்து நின்ற என் கணவர் சரவணன், "காயத்ரி, நீ எழுதி முடிக்கறதுக்குள்ள அந்த லேப்டாப் இன்னும் பழசாயிடும்" என்று சொல்லி, கையை நீட்டி அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டார். போனது "தெரியும்" என்ற ஒரு சொல் மட்டும்.

நெற்றியில் சந்தனம்

கோபாலனின் அப்பா மௌலா அலியில் மத்திய அரசு வேலை பார்த்தவர். மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் தஞ்சாவூரும், ஹைதராபாத் உருதுவான தக்னியும் கைகோத்து நடக்கும். "ஹவ்" என்றால் ஆமாம், "நக்கோ" என்றால் வேண்டாம். இதற்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. மித்ரா பேசுவதும் கிட்டத்தட்ட அதே மொழிதான்.

அவர் ஒரு பிளாஸ்டிக் உறையைப் பிரித்து அந்தக் கணினியை வெளியே எடுத்தார். சாம்பல் நிறம். முன்பக்கம் ஒரு கைப்பிடி. இரண்டு செங்கலை ஒட்டி வைத்த கனம். மூடியின் மேல் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, தொட்டால் மேடு தட்டியது.

"இது ஓடுதா சார்?"

"ஹவ் ஹவ், ராஜா மாதிரி ஓடும். செத்துப்போனது இதோட தோழன்."

தோழன் என்றது பக்கத்தில் கிடந்த ஓர் இரும்புப் பெட்டியை. உலையில் செருகிய உணரிகளின் கம்பிகள் அந்தப் பெட்டிக்கு வரும். பெட்டி சூட்டை எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும். கணினி அதைக் கோடாக அச்சடிக்கும். பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

"புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிடலாமே சார்?" என்று கேட்டேன். எல்லாரும் கேட்கும் கேள்வி போலிருக்கிறது. அவர் பெருமூச்சு விட்டார்.

"கஸ்டமர் அப்ரூவ் பண்ணது இந்த மிஷின், இந்த ப்ரோக்ராம், இந்த சார்ட். மாத்தினா முதல்லேர்ந்து அப்ரூவல். கவர்மெண்ட் ஃபேக்டரிம்மா. நான் கிழவனாயிடுவேன். பொட்டிய மட்டும் மாத்திக்கலாம்னு பெர்மிஷன் வாங்கி வெச்சிருக்கேன்."

பிறகு நிபந்தனையைச் சொன்னார். அந்த அரசுத் தொழிற்சாலையின் பல்சக்கரங்கள் ஒரு லோடு காத்திருக்கின்றன. சார்ட் வர வேண்டும். அவர்களுடைய பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் எனக்கு அங்கே வேலை. போடாவிட்டால், "ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம், தப்பா எடுத்துக்காதீங்க."

அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. நடுவில் என்ன செய்தீர்கள் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

சமையல் மேடையில் ஒரு பட்டறை

கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் முதுகில் ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரே ஒரு துளைவாய். சீரியல் போர்ட். அதன் வழியாக மட்டும்தான் வெளியுலகத்தோடு பேசும். என்ன பேச்சு எதிர்பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது. நல்லவேளையாக, ப்ரோக்ராம் பேசிக் என்ற கணினி மொழியில் இருந்தது. திறந்து படிக்கலாம். கல்லூரி முதல் வருஷத்தில் படித்தது. படிக்கப் படிக்கத் தெருவில் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது. பெயர் உடனே வரவில்லை, முகம் தெரிந்தது.

மித்ராவைப் பகல்நேரக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்து, சமையல் மேடையில் ஈயம் வைத்துப் பற்றவைப்பேன். தீப்பெட்டி அளவு ஒரு போர்டு, உணரிகளைப் படிக்கச் சின்னச் சில்லுகள், கணினியோடு பேச ஒரு வடம். முதல் முறை இணைத்தபோது திரையில் வந்தவை எண்களே அல்ல. பாதி எழுத்து, பாதி கட்டம், ஒரு சிரிக்கும் முகம்.

"உன்னப் பாத்துச் சிரிக்குது" என்றார் சரவணன்.

"உங்க மொழில பேசினா எனக்குப் புரியாதுன்னு சொல்லுது."

அது உண்மைதான். இன்றைய சாதனங்கள் ஓர் எழுத்தை எட்டுத் துண்டாக அனுப்பும். அந்தக் காலத்துக் கணினி ஏழு துண்டும், சரிபார்க்க ஒரு துண்டும் கேட்டது. என் பெட்டியை அதற்கேற்ப மாற்றினேன். திரையில் மூன்று எண்கள் வரிசையாக வந்து நின்றன: 29, 29, 30. எங்கள் சமையலறையின் சூடு. கையில் கரண்டி இருந்ததா பற்றவைக்கும் கோல் இருந்ததா என்று நினைவில்லை. தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினேன். சரவணனும் ஆடினார். காப்பகத்திலிருந்து வந்திருந்த மித்ரா, காரணம் கேட்காமலேயே சேர்ந்துகொண்டாள்.

கொதிக்கும் நீரில் உணரியை வைத்துப் பார்த்தேன். 98 என்றது.

"ரெண்டு டிகிரி தப்பு" என்றார் சரவணன்.

"தப்பில்ல. நம்ம ஊரு மேட்டுல இருக்கு. இங்க தண்ணி நூறுக்கு முன்னாடியே கொதிச்சிரும்."

"நெஜமாவா? இத்தன வருஷமா எனக்குத் தெரியாதே."

"அதான் பருப்பு வேக லேட்டாகுதுன்னு சொன்னேன். நீங்கதான் குக்கரக் குத்தம் சொன்னீங்க."

சொல்லிவிட்டேனே தவிர, அவர் தூங்கப் போனதும் மூன்று முறை மறுபடி கொதிக்கவைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் 98.

புறங்கை

இந்த மூன்று முறை வியாதி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

மித்ரா கைக்குழந்தையாக இருந்தபோது, இந்த ஊரில் எங்கள் முதல் குளிர்காலத்தில், அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. கோவில்பட்டியிலிருந்து அம்மா போனில் சொன்னாள்: "உள்ளங்கைய வெச்சுப் பாக்காத. உள்ளங்கை அடுப்படியில காஞ்சு கெடக்கும், அதுக்கு ஒண்ணும் தெரியாது. பொறங்கைய வெச்சுப் பாரு." அன்றிலிருந்து என் புறங்கை ஓயவில்லை. நெற்றி, கழுத்து, காதுக்குப் பின்னால், மறுபடி நெற்றி. குழந்தை நல்ல மருத்துவர்தான் கடைசியில் சிரித்தார். "இப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவ தொட்டா பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிடும், உங்களுக்கு ஏறிடும்."

காய்ச்சல் போய்விட்டது. கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. பால் பாத்திரம், போன், சரவணனின் லேப்டாப், மூடிய கதவு, எல்லாவற்றையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் வீட்டிலும் செய்துவிடுவேன். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

காப்பகத்துக்குப் போன் செய்வதும் இதே கணக்கில்தான் வரும். அன்று பட்டறைக்குப் போன பிறகும் செய்தேன். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்வப்னா ஆன்ட்டி எடுத்தார்.

"பாப்பா சாப்பிட்டாளா?"

"மேடம், இப்பதான் கேட்டீங்க. அப்ப வாயில இருந்த உருண்ட இன்னும் வாயிலதான் இருக்கு."

அந்த ஒரு நிமிஷம்

மறுபடி உலைக்கு வருகிறேன்.

காலையில், உலை குளிர்ந்திருந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மீட்டரும் என் மூன்று எண்களும் ஒத்துப்போயின. யாதகிரி உலைப்பக்கம் கம்பிகளை முடுக்கினார், நான் பெட்டிப்பக்கம் முடுக்கினேன். கோபாலன் பூஜை முடித்து, ஊதுபத்தியை உலைக்கும் கணினிக்கும் காட்டிவிட்டு, ஸ்விட்சைப் போட்டார். அவர் வந்து விளக்கேற்றாமல் அங்கே உலை எரியாது. அது அவர் அப்பா காலத்துப் பழக்கம்.

உலை சூடாகச் சூடாக என் எண்கள் பின்தங்கின. முதலில் ஐந்து டிகிரி. பிறகு பதினைந்து. இப்போது நாற்பது. வீட்டில் கொதிநீரில் ஒரு டிகிரிகூடப் பிசகாத பெட்டி அது.

வீட்டில் இல்லாதது எது, இங்கே இருப்பது எது? நீளமான வடம். வீட்டில் உணரியை நேராகப் பெட்டியில் செருகினேன். இங்கே உலைச் சுவரிலிருந்து மேசை வரைக்கும் புது வடம் இழுத்திருந்தோம்.

"கைக்கு மேடம்?" என்றார் யாதகிரி. ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்கிறார். கை இன்னும் திருகில்.

உலையின் பக்கவாட்டுக்குப் போனேன். உணரியும் வடமும் சேருமிடத்தில் கைப்பிடி அளவு ஓர் இரும்பு மூடி இருந்தது. யோசிக்காமல் புறங்கையை அதன் மேல் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். நல்ல சூடு. அங்கிருந்து மேசைக்கு வந்து என் பெட்டியைத் தொட்டேன். குளிர்ச்சி.

அப்போதுதான் மண்டையில் ஏதோ அசைந்தது.

இந்த உணரி மிக எளிமையான பொருள். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்து வைத்தது, அவ்வளவுதான். சூடுபட்டால் துளி மின்சாரம் பிறக்கும். அதைக் கொண்டுவரும் வடத்திலும் அதே இரண்டு உலோகங்கள்தான் இருக்க வேண்டும், அதே வரிசையில். வடத்தின் இரண்டு கம்பிகளும் இடம் மாறிவிட்டால், அந்த இரும்பு மூடிக்கும் என் பெட்டிக்கும் நடுவில் உள்ள சூட்டைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துவிடும். காலையில் இரண்டும் ஒரே சூட்டில் இருந்தன. கழிக்க எதுவுமில்லை. அதனால் தெரியவில்லை.

வடத்தில் ஒரு கம்பி மஞ்சள், ஒரு கம்பி சிவப்பு.

"யாதகிரி, சிவப்பு வயர எதுல மாட்டினீங்க?"

"பிளஸ்ல மேடம். லால் ஹமேஷா பிளஸ்."

சிவப்பு எப்போதும் பிளஸ் என்றுதான் நானும் மாட்டியிருந்தேன். பேட்டரியில் சிவப்பு பிளஸ், வண்டியில் சிவப்பு பிளஸ், மீட்டரின் ஊசியில் சிவப்பு பிளஸ். கேட்க என்ன இருக்கிறது? ஆனால் இந்த வடம் வேறு நாட்டு வழக்கப்படி செய்தது. அந்த வழக்கத்தில் சிவப்புதான் மைனஸ். கல்லூரியில் எங்கோ படித்த ஞாபகம் மங்கலாக இருந்தது. நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. நாற்பது டிகிரிக்கும் ஒரு லோடு சக்கரங்களுக்கும் மங்கலான ஞாபகம் போதுமா?

"சார், இந்த வயரோட அட்டை எங்க?"

"அட்டையக் குப்பைல போட்டுட்டாங்கம்மா. சொல்லுங்க, ஏத்தட்டுமா வேண்டாமா? இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டேன்னு போன் பண்ணிட்டார்."

மீன் தூண்டில்

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இந்த இரண்டு உலோகங்களில் ஒன்றுதான் காந்தத்தில் ஒட்டும். ஒட்டுவது மைனஸ்.

"சார், ஒரு காந்தம் கிடைக்குமா?"

இரும்புப் பட்டறையில் காந்தம் இல்லாமல் இருக்குமா என்று கேட்பீர்கள். இருந்தது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். மயிரிழைக் கம்பிக்கு அது எப்படி உதவும்? கைப்பையைத் துழாவினேன். ஈரத்துணி, மாற்றுச் சட்டை, பாதி பிஸ்கட், அதற்கடியில் மித்ராவின் மீன்பிடி விளையாட்டுத் தூண்டில். ஊதா நிறப் பிளாஸ்டிக் குச்சி, கயிறு, கயிற்று நுனியில் ஒரு பொத்தான் காந்தம். என் பையில் எதையாவது ஒளித்துவைப்பது அவளுடைய அன்றாட வேலை.

மீந்திருந்த வடத்துண்டைச் சீவினேன். இரண்டு கம்பிகளையும் விரித்து மேசை விளிம்பில் தொங்கவிட்டேன். தூண்டிலை மஞ்சளுக்குப் பக்கத்தில் ஆட்டினேன். மஞ்சள் அசையவே இல்லை. சிவப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கம்பி எட்டிப் பாய்ந்து காந்தத்தைக் கவ்விக்கொண்டது.

"மச்சிலி ஃபஸ் கயா" என்றார் யாதகிரி. மீன் மாட்டிக்கொண்டதாம்.

கோபாலன் தூண்டிலைக் கையில் வாங்கித் தானும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். "அப்ப செவப்பு மைனஸா?"

"ஆமா சார். ரெண்டு பக்கமும் மாத்தி மாட்டியிருக்கோம். அதனாலதான் ரெண்டு தப்பும் ஒண்ண ஒண்ணு மறைச்சிருச்சு. மூணு வயரும் ஒரே மாதிரி மாட்டினதால மூணும் ஒரே பொய்யச் சொல்லுது. மீட்டர் சரி. ஏத்தாதீங்க."

"நிச்சயமா?"

இந்தச் சொல்லை என்னிடம் யார் கேட்டாலும் நான் குழம்பிப்போவேன். கடைக்காரர் கேட்டால்கூட. அன்று, "நிச்சயமா" என்றேன். குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

என் பக்கத்துக் கம்பிகளை முதலில் மாற்றினேன். திரையில் மூன்று எண்களுக்கும் முன்னால் கழித்தல் குறி வந்து உட்கார்ந்தது.

"ஐயோ, ஃபர்னஸ் ஐஸ் ஆயிருச்சாம்மா?" என்று கோபாலன் நெஞ்சில் கைவைத்தார்.

"இன்னொரு பக்கம் இருக்கு சார்."

யாதகிரி தோல் கையுறை போட்டுக்கொண்டு இரும்பு மூடிகளைத் திறந்தார். முதலாவதை மாற்றினார். முதல் எண் 849. இரண்டாவது: 848. மூன்றாவது முடிவதற்குள் நானே மேசையைக் குத்திவிட்டேன். 851.

மீட்டர் 850 என்று தன் பாட்டில் எரிந்துகொண்டிருந்தது. அதுவரை தப்பான எண்களைக் குறித்துக்கொண்டிருந்த அச்சு இயந்திரம் கரகரவென்று நட்சத்திரக் குறிகளால் நேர்கோடு ஒன்றைத் தீட்டத் தொடங்கியது. அதைவிட இனிமையான சத்தத்தை அந்த வாரம் நான் கேட்கவில்லை. அந்த வருஷம் என்றுகூடச் சொல்வேன்.

கோட்டில் ஒரு மடிப்பு

பரிசோதகர் வந்தபோது சக்கரங்கள் குறித்த நேரம் வரை சூட்டில் நின்று முடித்திருந்தன. கோபாலன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார்ட்ல அந்த ஆரம்பத்துல ஒரு பள்ளம் இருக்கே, அதக் கிழிச்சிட்டுக் குடுத்திரலாமா?"

"வேண்டாம் சார். நான் சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டுப் பயந்தேன். கிழித்திருந்தால் யாருக்கும் தெரியாதே என்று உடனே தோன்றவும் செய்தது. அதற்குள் பரிசோதகர் தாளைக் கையில் எடுத்துவிட்டார். விரல் நேராகப் பள்ளத்தில் போய் நின்றது. இது என்ன என்று இந்தியில் கேட்டார்.

என் இந்தி பெருமைப்படும்படியானது அல்ல. வடத்துண்டையும் தூண்டிலையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சிவப்பைப் பிடித்துக் காட்டினேன். எப்போது மாற்றினோம் என்று தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் சக்கரங்களுக்கான நேரக் கணக்கு தொடங்கியது என்றும் காட்டினேன். அவர் தூண்டிலை வாங்கி மஞ்சளையும் சிவப்பையும் தானே சோதித்தார். மறுபடி ஒருமுறை. மூன்றாவது முறையும் அவர் செய்ததைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கையெழுத்துப் போட்டார். போகும்போது, இதுவரை எவரும் தன்னிடம் பள்ளத்தைக் காட்டியதில்லை, பள்ளமில்லாத தாளைத்தான் காட்டுவார்கள் என்றார்.

வாசலுக்கு ஓடிவந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, ஓடிருச்சும்மா!"

"அய்யய்யோ, பிள்ளையா?"

"பிள்ள இல்லம்மா, கம்ப்யூட்டரு!"

"ஏட்டி, உசுரு போயி உசுரு வந்துச்சு. மொதல்ல பேரச் சொல்லிட்டுப் பேச மாட்டியா?"

யார் விளக்கேற்றுவது

டீ வந்தது. இந்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விடத் தேவையில்லை என்று நினைத்தபடியே குடித்தேன்.

"திங்கக்கிழமைலேர்ந்து வந்துருங்கம்மா. ஒம்பதரைலேர்ந்து ஏழு" என்றார் கோபாலன்.

சரி சார் என்று சொல்லும் வாய் எனக்கு. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். அன்று வாய் திறப்பதற்குள் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அந்தத் தாமதத்தில் வேறு வார்த்தை வந்தது.

"நான் நாலு மணிக்குக் கிளம்பணும் சார். பாப்பாவக் கூப்பிடணும்."

"லோடு நாலு மணிக்கு எங்கம்மா இறங்கும்? ஃபர்னஸ் சூடாகவே மதியம் ஆகுதே."

"யாதகிரி காலைல ஏழு மணிக்கே வந்துடறார். சும்மா உக்காந்திருக்கார். நீங்க ஒம்பதரைக்கு வந்து விளக்கேத்தினப்புறம்தான் ஸ்விட்ச் போடறீங்க. அவர் ஏழு மணிக்கே விளக்கேத்தி ஸ்விட்ச் போட்டா, நான் ஒம்பது மணிக்கு வரும்போது உலை சூடா இருக்கும். மூணரைக்கு லோடு இறங்கிடும். சார்ட்டோட முக்கியமான பகுதி முழுக்க என் கண் முன்னால நடக்கும்."

கோபாலன் டீ டம்ளரைச் சுற்றினார். யாதகிரி கூரையைப் பார்த்தார். தொழில் விஷயம் பேசி, சாமி விஷயத்தில் கை வைத்துவிட்டேன். இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமோ என்று உள்ளே அரிக்கத் தொடங்கியது.

"எங்கப்பா காலத்துலேர்ந்து முதலாளி கையாலதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். யாதகிரியைப் பார்த்தார். "ஏன்டா, நீ ஏத்தினா சாமி நக்கோன்னு சொல்லுமா?"

"நான் குளிச்சிட்டுதான் சார் வரேன்" என்றார் யாதகிரி. "நீங்க சில நாள் குளிக்காம வரீங்க."

கோபாலன் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் சிந்தியது. "ஹவ்டா ஹவ். நாளைலேர்ந்து நீயே ஏத்து." பிறகு என் பக்கம் திரும்பி, "நாலு மணி. போங்க" என்றார்.

அன்று ஆட்டோவில் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன். ஓட்டுநர் கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது உங்களிடம்

அதன் பிறகு பல லோடுகள் இறங்கிவிட்டன. காலை ஏழு மணிக்கு யாதகிரி விளக்கேற்றுகிறார். நாலு மணிக்கு நான் கிளம்புகிறேன். ஒருநாளும் யாரும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் இரண்டாவது உலை ஒன்று வரப்போகிறது. சாயங்கால லோடு என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. கோபாலன் என்னிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. அந்த நாலு மணி எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு டீ டம்ளரின் மேல் சொன்ன சொல். அதற்குச் சாட்சி யாதகிரி மட்டும்தான்.

சரவணன், எழுத்தில் கேட்டு வாங்கு என்கிறார். எழுத்தில் கேட்டால், சொல்லை நம்பவில்லையா என்று நல்ல மனிதரான கோபாலன் வருத்தப்படுவாரோ என்று தோன்றுகிறது. கேட்காமல் விட்டால், ஒரு சாயங்காலம் "இன்னிக்கு மட்டும்மா" என்று ஆரம்பித்து அதுவே வழக்கமாகிவிடுமோ என்றும் தோன்றுகிறது. நான் இரண்டு பக்கமும் யோசித்து இரண்டு பக்கமும் சரி என்று நிற்கிறேன்.

உங்களில் பலர் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர்கள். நல்ல முதலாளியிடம் வாய்ச்சொல்லாக வாங்கிய நேரத்தை நீங்கள் எப்படிக் காப்பாற்றிக்கொண்டீர்கள்? எழுதி வாங்கினீர்களா? வாங்கியிருந்தால், எந்த வார்த்தைகளில் கேட்டீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். புது உலை வந்து இறங்குவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.